கட்டிலில் தூங்கிய பற்றரி

ராசன் சாவியைத் திருப்பினான். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் என்றால் ஒன்றுமே. குளிர் நாட்களில் எங்கள் கார் முதலில் முனகும், பிறகு இருமும், அதற்குப் பிறகு மனம் வைத்தால் கிளம்பும். அன்றைக்கு அந்த முனகல்கூட இல்லை. முன்பலகையில் வழக்கமாக எரிகிற சிவப்பு விளக்கும் எரியவில்லை.

நான் பின் இருக்கையில் பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை சகிதம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தலைப்பாகை கார்க் கூரையில் இடித்ததால் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, யாரோடோ கோபித்துக்கொண்டவன் மாதிரி இருந்தேன். வேட்டிக்குள் இரண்டு கம்பளிக் காற்சட்டை. பக்கத்தில் பரிமளம் மாமி, மடியில் கூறைச்சேலையும் தாலிக்கொடியும் வைத்த தட்டத்தோடு. முன்னால் அவருடைய கணவர் மணியம் மாமா. எங்கள் எல்லோர் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. காரிலிருந்து மட்டும் வரவில்லை.

“என்னடாப்பா?” என்றார் மாமா.

ராசன் இன்னொரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

“பற்றரி, மாமா.”

“பற்றரிக்கு என்ன?”

“காருக்குள்ள இல்லை. மேல, என்ர கட்டில்ல கிடக்கு.”

தேங்காயெண்ணெய் செய்த வேலை

போன வாரம் எங்கள் மனோர் பார்க் வீட்டுப் பரஃபின் அடுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி தொலைபேசியில் பிடித்தார். அந்த வீட்டில் எப்படி உயிரோடு இருந்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் எப்படியோ இருந்துவிட்டோம். உண்மையில் கஷ்டப்பட்டது கார்தான்.

எண்பதுகளின் பின்பாதி. நானும் ராசனும் அந்த வீட்டின் மேல்மாடியில், மாமாவும் மாமியும் கீழே. மாமா என்றால் எனக்கு உறவு முறையெல்லாம் கிடையாது. ஒரே ஊர், அவ்வளவுதான். லண்டனில் அது போதும். ராசனும் நானும் காசு சேர்த்து ஐந்தாம் கையாக ஒரு கார் வாங்கினோம். நிறம் தேத்தண்ணி நிறம். பெயரைச் சொன்னால் அதைச் செய்தவர்கள் மனம் நோகலாம், விட்டுவிடுகிறேன்.

ஊரில் நாங்கள் கண்ட கார்களுக்கெல்லாம் ஒரே நோய்தான், கொதிப்பு. வழியில் நிறுத்தி, மூடியைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஆவி அடங்கும் வரை மர நிழலில் நின்று கதைப்பார்கள். கார் என்கிற சாமான் குளிரில் விறைத்துப்போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

முதல் குளிர்காலத்தில் நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. என்ஜின் மூடிமேல் ராசனின் பழைய சாரம் இரண்டைப் போர்த்தினோம். கண்ணாடியில் பனி உறைந்திருந்தபோது கொதிநீர் ஊற்றினோம், கண்ணாடி வெடித்தது. கதவுப் பூட்டு இறுகிப்போகாமல் இருக்க எண்ணெய் விடுங்கள் என்று ராசனோடு வேலை செய்த ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்த எண்ணெய் தேங்காயெண்ணெய். இரண்டு பூட்டிலும் தாராளமாக விட்டோம்.

தேங்காயெண்ணெய் குளிரில் என்ன ஆகும் என்பது தலைக்கு எண்ணெய் வைக்கிற எந்தத் தமிழனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தினமும் காலையில் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கித்தான் நாங்களே தலை சீவினோம். ஆனால் தலை வேறு, கார் வேறு என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. மறுநாள் இரண்டு பூட்டும் மெழுகு அடைத்த மாதிரி வெள்ளையாக இருந்தன. மாசி மாதம் முடியும் வரை பின்கதவால் ஏறி, இருக்கைகளுக்கு மேலாகத் தவழ்ந்து, முன்னால் போய்த்தான் கார் ஓட்டினோம்.

பற்றரியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் காலையில் நன்றாக வேலை செய்யும் என்பதை ராசன் எங்கோ கேட்டுவந்தான். அன்றிலிருந்து அதைக் கழற்றி உள்ளே கொண்டுவருவதும் காலையில் திரும்பப் பூட்டுவதும் அவன் பொறுப்பு. முதலில் அது முன்னறையில், நாங்கள் குளிர்காய்கிற காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. யாராவது அதற்கும் அடுப்புக்கும் நடுவே உட்கார்ந்தால் ராசனுக்குப் பிடிக்காது. “கொஞ்சம் விலத்தி இருங்கோ, சூடு படட்டும்” என்பான். எங்களுக்குப் படவேண்டிய சூட்டைப் பற்றி அவன் யோசிக்கவில்லை.

கார் வைத்திருக்கிற மாப்பிள்ளை

இந்தக் கார்தான் எனக்குக் கலியாணம் பேசித் தந்தது.

வதனியின் சித்தப்பா லூயிஷாமில் இருந்தார். அண்ணன் மகளுக்கு லண்டனில் மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு அவர் தலையில். எனக்காக மணியம் மாமா அவரோடு தொலைபேசியில் கதைத்தார். நான் படியில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துப் பதில்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை, படிப்பு எல்லாவற்றுக்கும் மாமாவின் பதில் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. பிறகு திடீரென்று குரல் நிமிர்ந்தது.

“ஓம் ஓம், கார் வைச்சிருக்கிறார். சொந்தக் கார்!”

அதோடு சம்பந்தம் முடிவாகிவிட்டது. எந்தக் கார், எத்தனை நாள் ஓடும், எந்தக் கதவால் ஏறுவது என்பதையெல்லாம் சித்தப்பா கேட்கவில்லை.

அடுத்த குளிர்காலத் தொடக்கத்தில் வதனி ஊரிலிருந்து வந்து இறங்கினாள். கொடுத்த விசா சில மாதங்களுக்குத்தான். தையில் ஒரு சனிக்கிழமை நாள் வைத்தார்கள். மார்கழியில் எங்கள் ஆட்கள் கலியாணம் செய்யமாட்டார்கள், தை பிறக்கட்டும் என்று காத்திருப்பார்கள். ஊரில் தை நல்ல மாதம்தான். லண்டனில் அது மூக்கு உறைகிற மாதம் என்பது பஞ்சாங்கத்துக்குத் தெரியாது. அந்த முகூர்த்தம் தவறினால் இரண்டு ஜாதகத்துக்கும் பொருந்தி வருகிற அடுத்த நாள் வைகாசியில். அதற்குள் அவளுடைய விசா முடிந்துவிடும். ஆகவே அந்தச் சனிக்கிழமை நான் லூயிஷாம் போய்ச் சேராவிட்டால் வதனி எனக்கு இல்லை.

அதுவரை அவளை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன், சித்தப்பா வீட்டில். தேத்தண்ணி தந்துவிட்டுத் திரும்பும்போது என் சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நான் கிட்டத்தட்ட மிதந்தேதான் வீட்டுக்கு வந்தேன்.

என்னைவிட ராசனுக்குத்தான் கலியாணக் கொண்டாட்டம். அப்டன் பார்க்கில் தேடித் திரிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கோட் சூட் வாங்கினான். கலியாணத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து ஊரில் உள்ள அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவன் திட்டம். “ஒரு முழுப் படம், சப்பாத்தும் தெரியவேணும்” என்று படப்பிடிப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

வெளிக்கிட்டால் வெளிக்கிட்டதுதான்

இனிக் காருக்குள் வருவோம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இராகு காலம் தொடங்கும். அதற்கு முதல் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. மாமா ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சாஸ்திரத்தையும் ரயில்வே விதிகளையும் அவர் ஒன்றாகவே படித்திருந்தார். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் கையைக் காட்டினார். தேவாரம் பாடி, நிறைகுடத்தைக் கும்பிட்டு, வலது காலை வைத்து வரிசையாக வெளியே வந்தோம். மாமி கதவைப் பூட்டினார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பற்றரி என்ன ஆனது என்றால், முதல் நாள் மாமி முன்னறையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார். “சாமி வைக்கிற இடத்தில உந்த ஊத்தைச் சாமான் கிடக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டார். ராசன் அதை மேலே தன் அறைக்குக் கொண்டுபோனான். அங்கே அடுப்பு இல்லை. கட்டிலில் வைத்து, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் பை ஒன்றையும் வைத்து, போர்வையால் மூடிவிட்டான். காலையில் டை கட்டுகிற மும்முரத்தில் மறந்துபோனான்.

“சரி, ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா” என்றேன் நான்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஆரும் திரும்பி உள்ள போகேலாது. மாப்பிளை வெளிக்கிட்டாச்சு. கூட வந்தவை ஒருத்தர் திரும்பினாலும் அது அபசகுனம்.”

“மாமா, பற்றரி இல்லாமல் கார் ஓடாது.”

“வண்டி பிளாட்பாரத்தை விட்டு வெளிக்கிட்டால் பின்னுக்கு எடுக்கிறேல்லை, தம்பி.”

எங்கள் வண்டி பிளாட்பாரத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெற்றோர் ஊரில். எனக்கு அப்பா இடத்தில் நின்று கலியாணம் செய்து வைப்பவர் அவர். வீட்டுக்குள் பற்றரி, வெளியே நாங்கள், நடுவில் பத்தடி தூரம். கண்ணாடியின் உள்பக்கத்திலும் பனி படியத் தொடங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை அழக்கூடாது என்று மாமி தன் சால்வை நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

டோரீன் மேலே போகிறார்

பக்கத்து வீட்டு டோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். கணவர் இல்லை, கார் இல்லை, குரல் மட்டும் நிறைய. பால்காரன், பூனை, நாங்கள் எல்லோரும் அவருக்கு ‘லவ்’தான். பால் போத்தல் எடுக்க வீட்டுக் கவுனோடு வெளியே வந்தவர், கோவில் தேர் மாதிரி அலங்கரித்த ஆட்கள் நகராத காரில் இருப்பதைக் கண்டு நின்றுவிட்டார்.

ராசன் கண்ணாடியை இறக்கி நிலைமையைச் சொன்னான். நாங்கள் வெளியே வந்துவிட்டோம், இனி உள்ளே போக முடியாது, சமயம் தொடர்பான விஷயம். டோரீன் காரணம் கேட்கவில்லை. முதலில் தன் வீட்டுக்குள் போய் வாடகைக் கார்க் கம்பனிக்குப் போன் செய்தார். அவர்கள் கார்களே ஒன்றும் எழும்பவில்லையாம். ரயிலும் ஓடவில்லை என்று வானொலியில் சொன்னார்களாம். “பனிக்கு ரெயில் நிக்குதோ!” என்று மாமா அந்த நாட்டையே ஒரு தடவை அலட்சியமாகப் பார்த்தார்.

மாமி வீட்டுச் சாவியை ஜன்னலால் நீட்டினார். மேல்மாடி, சின்ன அறை, கட்டிலின் மேல் இருக்கிற சாமான். டோரீன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவ்வளவு பதட்டத்திலும் மாமி அதைக் கவனித்துத் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் டோரீன் வெறுங்கையோடு வந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். நுனிக்காலில் நடந்து வந்து ஜன்னலில் குனிந்து மெல்லிய குரலில் பேசினார்.

“கட்டிலில் யாரோ படுத்திருக்கிறார், லவ். பாவம், அசந்து தூங்குகிறார். எழுப்ப மனம் வரவில்லை.”

“அதுதான் சாமான்” என்றான் ராசன்.

டோரீன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“பற்றரியைத் தூங்க வைத்திருக்கிறீர்களா?”

“குளிருக்கு.”

“தலையணையோடு?”

ராசன் டையைச் சரிசெய்தான். நான்தான் தமிழில் கேட்டேன். “அப்ப நீ எங்கையடா படுத்தனி?”

“நிலத்தில.”

டோரீன் மறுபடி மேலே போனார். உருளைக்கிழங்கு மூட்டை தூக்கிப் பழகிய கைகள். போர்வையோடும் சுடுதண்ணீர்ப் பையோடும் அப்படியே நெஞ்சோடு அணைத்து, படியில் சறுக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தார். அந்த நேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த தபால்காரர் முகம் மலர்ந்து நின்றார்.

“ஆணா, பெண்ணா?”

“பன்னிரண்டு வோல்ட்” என்றார் டோரீன்.

மாமி காரை விட்டு இறங்கி, போர்வையை விலக்கி, பற்றரிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். நல்ல காரியத்துக்குப் போகிற சாமானாம்.

சிக்னலில் நிற்கிற வண்டி

ராசன் அந்த மெல்லிய கோட்டோடு என்ஜினுக்குள் குனிந்து பற்றரியைப் பூட்டி முடித்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. விரல்கள் நீலமாகிவிட்டன. ஆசனத்தில் ஏறிச் சாவியைப் பிடித்தவன் கையை நிறுத்தினான்.

“மாமா, இராகு காலத்தில ஸ்டார்ட் பண்ணலாமோ?”

இராகு காலம் முடியப் பத்தரை ஆகும். அது வரை காத்திருந்தால் முகூர்த்தம் போய்விடும். மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் சாஸ்திரத்தை ஆராய்வதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“இராகு காலத்தில ஒண்டையும் தொடங்கக்கூடாது” என்றார் கடைசியில். “ஆனா நாங்கள் எப்பவோ தொடங்கியாச்சு. ஒன்பதுக்கு முன்னமே வெளிக்கிட்டாச்சு. இப்ப வண்டி சிக்னலில நிக்குது. அவ்வளவுதான். எடு!”

ராசன் சோக்கை இழுத்தான். சாவியைத் திருப்பினான். முதல் தடவை ஒரு முனகல். இரண்டாம் தடவை ஒரு பெரிய இருமல். மூன்றாம் தடவை அந்தத் தேத்தண்ணி நிறக் கார் உடம்பெல்லாம் நடுங்கி, கறுப்புப் புகை கக்கி, எழும்பிவிட்டது. இரவு முழுக்கக் கதகதப்பாகத் தூங்கிய பற்றரி அல்லவா! டோரீன் நடுத்தெருவில் நின்று கைதட்டினார். மாமா தன்னை மறந்து பச்சைக்கொடி காட்டுகிற மாதிரி கையை வீசினார்.

“லூயிஷாம் போய்ச் சேர்ந்தாலும் நான் இதை நிப்பாட்ட மாட்டன்” என்றான் ராசன். “நிப்பாட்டினா பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வீட்டை வரேலாது.”

நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றுக்குக் கீழான சுரங்கப் பாதையில் வாகனங்கள் நின்று நின்று போயின. சிவப்பு விளக்குகளில் எல்லாம் ராசன் பெடலை விட்டுக் காலை எடுக்காமல் உறுமிக்கொண்டே இருந்தான். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் எங்களோடு பந்தயத்துக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கெட்டிமேளம்

ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான மண்டபத்தில் கலியாணம். வாசலில் நின்ற சித்தப்பா முதலில் காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டும் வந்துவிட்டதில் அவருக்குத் திருப்தி. நேரம் மட்டுமட்டாக இருந்ததால் என்னை இழுத்துக்கொண்டு போய் மணவறையில் உட்கார வைத்தார்கள். ராசன் காரை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி உள்ளேயே இருந்துவிட்டான். யார் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

தைக் குளிர். மண்டபம் முழுக்கச் சளி, தடிமன். எல்லோர் கையிலும் கைக்குட்டை. தாலி கட்டுகிற நேரத்தில் தும்மல் கேட்கக்கூடாது, அதற்காகத்தான் கெட்டிமேளம். எங்கள் மேளம் ஒலிநாடாவில், ஒரு கசற். ஐயர் தாலியை என் கையில் தந்தார். வதனி தலையைக் குனிந்தாள். சரியாக அப்போதுதான் வீடியோக்காரர் தன் பெரிய விளக்கைப் போட்டார். பட்டென்று ஒரு சத்தம், மண்டபத்து ஃபியூஸ் போய்விட்டது. விளக்கு அணைந்தது, கசற் நின்றது. அவருடைய வீடியோ மட்டும் சொந்தப் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” ஐயர் விரலை ஆட்டினார். மண்டபம் மூச்சு விடாமல் இருந்தது. முன்வரிசையில் மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு கண் பிதுங்க இருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் அதே நிலையில். சித்தப்பாவின் முகம் வெளுத்தது.

அந்தக் கணத்தில் வெளியே என்ஜின் அணையப் பார்த்திருக்க வேண்டும். ராசன் பெடலை நிலத்தோடு சேர்த்து அழுத்தினான். ஜன்னல்கள் எல்லாம் அதிர்ந்தன. குத்துவிளக்குச் சுடர்கூட ஆடியது. மண்டபத்தில் ஏழெட்டுத் தும்மல்கள் ஒன்றாகப் புறப்பட்டன. ஒன்றுகூடக் கேட்கவில்லை.

“கட்டுங்கோ!” என்று ஐயர் கத்தினார். நான் கட்டினேன்.

“உங்கட காரோ?” என்றாள் வதனி, குனிந்த தலை நிமிராமல். மனைவியாக அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஓம்.”

“இன்னும் நிப்பாட்டேல்லையோ?”

“நிப்பாட்டினா நாங்கள் வீட்டை போகேலாது.”

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சப்பாத்துப் பனியைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

ராசன் காருக்குள்ளேயே கடதாசித் தட்டில் சாப்பிட்டான். எங்கள் கலியாண அல்பத்தில் அவன் படம் ஒன்றே ஒன்றுதான். நானும் வதனியும் காரில் ஏறுகிற படம். முன்பக்கம் ஆவி படிந்த கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு டை, பாதிக் கை. சப்பாத்து இல்லை, முகமும் இல்லை. அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, அந்த டைக்கு நேரே பேனாவால் அம்புக்குறி போட்டு, ‘இது நான்’ என்று எழுதி அம்மாவுக்கு அனுப்பினான்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் அந்த வீடியோவை முதன்முதலாகப் பார்த்தாள். தாலி கட்டுகிற இடம் வந்தது. மேளம் இல்லை, நாதஸ்வரம் இல்லை. ஒரே உறுமல்.

“அம்மா, வாட் இஸ் தட் சத்தம்?”

வதனி கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

“அது ராசன் மாமா.”